கூடுவதற்கு ஒரு மனு



அழைப்பிதழில் ‘சிவில் உரிமைகளின் இன்றைய நிலை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பு பெரிது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவியல் நீதிமன்றங்களில் வாய்தா வாங்கிக்கொண்டிருப்பவன். என் கைக்கு அடக்கமான ஒன்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்று இருக்கிறேன். அது ஒரு காகிதம். ஒரு பக்க மனு.

ஆர்ப்பாட்டம் நடத்தியவர்கள் எல்லோரும் அதை எழுதியிருப்பார்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா. அதற்குக் கீழே ‘பொருள்’ என்று ஒரு வரி: ‘கண்டன ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.’ பிறகு நாள், நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், யார் யார் பேசுவார்கள், மைக் செட் உண்டா, ஷாமியானா உண்டா என்ற விவரங்கள். கடைசியில் கையொப்பமும் கைபேசி எண்ணும்.

இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்தப் பெரியவரிடம் நான் நான்கு வருடம் ஜூனியராக இருந்தேன். சங்கத்துக்காரர்கள் இந்த மனுவை எழுதிக்கொண்டு வந்து காட்டினால் அவர் சிவப்பு மைப் பேனாவை எடுப்பார். ‘அனுமதி வேண்டுதல்’ என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே ‘தகவல் தெரிவித்தல்’ என்று எழுதுவார். மற்றதைப் படிக்கக்கூட மாட்டார். “போலீஸ்கிட்ட எதுக்கு சார் இந்த வம்பு?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “வீட்டுல கல்யாணம்னா பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்லுவியா, கேப்பியா?” என்றார். அத்தோடு சரி. விளக்கம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவர் சொல்லாமல் விட்ட விளக்கத்தைத்தான் இன்று பேசப் போகிறேன். சொல்வதற்கும் கேட்பதற்கும் நடுவில் உள்ள தூரம் இந்த நாட்டில் எப்படி வந்தது, யார் யார் அதை நீட்டினார்கள், அந்தத் தூரத்தில் என்னென்ன நடந்தது என்று.

அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறு, குடிமக்கள் ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதற்கு உரிமை உண்டு என்கிறது. பொது ஒழுங்குக்காகவும் நாட்டின் இறையாண்மைக்காகவும் அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அடுத்தாற்போலச் சொல்கிறது. அனுமதி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மாணவர்கள் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துத் தேடிப் பாருங்கள்.

அந்தச் சொல் இருப்பது வேறு இடத்தில். சென்னையில் செய்தித்தாள் படிப்பவர்கள் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். சென்னை நகரக் காவல் சட்டம் பிரிவு 41இன்கீழ் பதினைந்து நாளைக்கு ஊர்வலம், ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், மனிதச் சங்கிலிக்குத் தடை. அனுமதி பெற்றுத்தான் நடத்த வேண்டும். ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆணையர் உத்தரவு. பதினைந்து நாள் கழித்து அதே செய்தி மறுபடியும் வரும். தேதி மட்டும் மாறியிருக்கும். அரசின் ஒப்புதல் இல்லாமல் தடை பதினைந்து நாளைத் தாண்டக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்வதால், பதினாறாம் நாள் புதிய உத்தரவு பிறக்கிறது. சட்டத்தை மீறவில்லை, நடுவில் ஓய்வும் விடவில்லை. அமாவாசை, பௌர்ணமி மாதிரி வந்துகொண்டிருக்கிறது. வெளியூர்களில் இதே வேலையைக் காவல் சட்டம் 30(2) செய்கிறது. ‘மாவட்டத்தில் 30(2) அமலில் இருக்கிறது’ என்று டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் மழை அறிவிப்பைப் போலச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தச் சட்டங்களின் வயதைப் பாருங்கள். நகரக் காவல் சட்டம் 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 30(2) இருக்கும் போலீஸ் சட்டம் 1861இல் வந்தது. சிப்பாய்களின் எழுச்சி நடந்து நான்கே ஆண்டு. ஆளப்படுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பயந்த அரசு எழுதிய சட்டம் அது. அந்தப் பயம் அன்றைக்கு அவர்களுக்கு நியாயமானதாகக்கூட இருந்திருக்கலாம். அவர்கள் அயலார். நம்முடைய அரசுக்கு அதே பயம் ஏன் பரம்பரைச் சொத்தாக வந்தது என்பதுதான் கேள்வி.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஐ எல்லோருக்கும் தெரியும். ஊரடங்கு என்று தவறாகச் சொல்லும் அளவுக்குப் பழகிப்போன எண். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போய் அவுரி விவசாயிகளின் குறைகளைக் கேட்க உட்கார்ந்தபோது, மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி அவருக்கு வந்த நோட்டீசு 144இன்கீழ் வந்ததுதான். போக மாட்டேன் என்று மோதிஹாரி நீதிமன்றத்தில் போய் நின்றார். அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. நமது பாடப்புத்தகங்களில் அவருடைய துணிவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த நோட்டீசின் எண்ணை எழுதியதில்லை. எழுதியிருந்தால், அதே எண் சுதந்திர இந்தியாவிலும் எப்படி இருந்தது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டிருக்கும். 2024 ஜூலை முதல் அது 163 ஆகிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று சட்டத்துக்குப் பெயர் மாற்றினார்கள். காலனியச் சுவடுகளைத் துடைப்பதாகச் சொன்னார்கள். உள்ளே இருந்த சரக்கு அப்படியே இருக்கிறது. இரண்டு மாதம் தடை, மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம். வீடு மாற்றும்போது பழைய பீரோவைத் திறந்துகூடப் பார்க்காமல் வண்டியில் ஏற்றியது போல.

அரசமைப்பு அவையில் இதை யாரும் கவனிக்காமல் இல்லை. வங்காளத்திலிருந்து வந்த ஒற்றைக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் சோம்நாத் லாகிரி, அடிப்படை உரிமைகள் பலவும் ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் பார்வையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று 1947இலேயே சொன்னார். அவையில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் அந்த வாசகத்தை முதன்முதலில் படித்தபோது மிகை என்றுதான் நினைத்தேன். பிறகு காவல் நிலையங்களுக்குப் போய்வர ஆரம்பித்தேன்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் அடிப்படை உரிமை என்று படிக்கத் தொடங்கியதும் முதலில் மனப்பாடம் செய்யும் வழக்குகள் எவை? ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம், 1950. ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம், 1950. சென்னை மாநிலம் எதிர் வி.ஜி. ராவ், 1952. மூன்றிலும் ஒரு பக்கம் நாம்தான். பெருமைப்படும் விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள். 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள். அடுத்த மாதம் முதல் தேதி, தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொது ஒழுங்கு என்ற காரணம் பேச்சுரிமைக் கூறில் அப்போது இல்லை என்பதால் ரத்து. உடனே என்ன செய்தார்கள்? 1951இல் முதல் திருத்தம் கொண்டுவந்து அந்தக் காரணத்தை உள்ளே நுழைத்தார்கள். அரசு வழக்கில் தோற்றால் சட்டத்தைத் திருத்தும். சாதாரண ஆள் தோற்றால் சிறைக்குப் போவான். அவ்வளவுதான் வித்தியாசம்.

கூடுவதைப் பற்றி நேராகப் பேசிய ஒரு தீர்ப்பு 1972இல் வந்தது. ஹிம்மத்லால் ஷா என்பவர் அகமதாபாத்தில் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி கேட்டார், ஆணையர் மறுத்தார். பொதுத்தெருவில் கூட்டம் போடுவதை முறைப்படுத்தலாம், ஆனால் எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் ஒரு அதிகாரி தன் இஷ்டத்துக்கு மறுக்கும்படி விதி இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. நாங்களெல்லாம் மனுவுக்கு மனு மேற்கோள் காட்டுவோம். அதற்கு முன்பே, மது லிமாயி வழக்கில், ஏழு நீதிபதிகள் 144 செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அவசரத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2020இல் அனுராதா பாசின் வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். நியாயமான கருத்தை அடக்க 144ஐப் பயன்படுத்தக் கூடாது, திரும்பத் திரும்ப உத்தரவு போடுவது அதிகார துஷ்பிரயோகம், உத்தரவை வெளியிட்டாக வேண்டும் என்றார்கள். திரும்பத் திரும்ப என்ற சொல்லைப் படித்தபோது எனக்குப் பதினைந்து நாள் செய்திதான் ஞாபகம் வந்தது.

தீர்ப்புகளில் நமக்குக் குறையில்லை. குறை தேதியில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆர்ப்பாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின வாரமே மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். “ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க, வெச்சிட்டுப் போங்க” என்கிறார் ரைட்டர். வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை கேட்டால் முறைக்கிறார். செவ்வாய்க்கிழமை, தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் போன் செய்து பேச்சாளர் பட்டியலில் மூன்றாவது பெயர் யார், எந்த ஊர், எந்த அமைப்பு என்று விசாரிக்கிறார். புதன்கிழமை ஒன்றுமில்லை. வியாழன் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு கான்ஸ்டபிள் வண்டியில் வந்து கடிதம் நீட்டுகிறார். போக்குவரத்துக்கு இடையூறு ஏற்படும் என்பதாலும், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழ வாய்ப்புள்ளதாலும் அனுமதி மறுக்கப்படுகிறது. எந்தப் போக்குவரத்து, எந்த வாய்ப்பு என்றெல்லாம் இருக்காது. சில நிலையங்களில் இந்தக் கடிதம் ஏற்கெனவே டைப் செய்யப்பட்டு, தேதிக்கும் பெயருக்கும் மட்டும் இடம் விட்டு வைக்கப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றம் நாலே முக்கால் மணிக்கே எழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அவசர மனு போட்டு, லஞ்ச் மோஷன் கேட்டு, மதியம் இரண்டே காலுக்கு விசாரணைக்கு வருகிறது. அரசு வழக்கறிஞர் எழுந்து, காவல் துறையிடம் விளக்கம் பெற அவகாசம் வேண்டும் என்கிறார். திங்கள்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. திங்கள்கிழமை என்ன ஆகும்? ஆர்ப்பாட்டத் தேதி கடந்துவிட்டதால் மனு பயனற்றுப் போய்விட்டது என்று முடித்துவைக்கப்படும். வேண்டுமானால் வேறு தேதி குறிப்பிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று நீதிபதி கருணையோடு சொல்வார். யாரும் உங்கள் உரிமையை மறுக்கவில்லை. எந்தத் தீர்ப்பிலும் நீங்கள் தோற்கவில்லை. தேதி போய்விட்டது, அவ்வளவுதான். விலையேற்றத்துக்கோ ஒரு சாவுக்கோ வரும் கோபம் ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டு வருவதில்லை. மூன்று வாரம் கழித்து வேறு தேதியில் வரச் சொன்னால் வருவதும் இல்லை.

இவ்வளவையும் மீறிக் கூடினால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு காட்சி. பேருந்தில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழை மரம் வாசலில் வாடிக்கொண்டிருக்கும். தெர்மாகோலில் வெட்டிய மணமக்கள் பெயர் மேடைச் சுவரில் பாதி உரிந்து தொங்கும். அதற்குக் கீழே நாற்காலி போட்டு, பெயர், தகப்பனார் பெயர், முகவரி, செல் நம்பர் என்று ஒரு எஸ்.ஐ. நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். மதியம் லெமன் சாதப் பொட்டலம், தண்ணீர்ப் பாக்கெட். ஆறு மணிக்கு மேல் ‘எல்லாரும் போகலாம்’. நாங்கள் இதைச் சிரித்துக்கொண்டே கடந்து வந்திருக்கிறோம். ‘கைதாகி விடுதலையாகி’ என்பது எங்கள் ஊர்த் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு அலங்காரம். வெளிமாநில நண்பர்கள், உங்கள் ஊர் போலீஸ் எவ்வளவு நாகரிகமானது என்று வியப்பார்கள். மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் அதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் அந்த நோட்டில் எழுதிய பெயர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ், சட்டவிரோதமாகக் கூடியதாக 143, அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக 188 என்று ஒரு எஃப்.ஐ.ஆர். ஆகிறது. இப்போது அவற்றுக்கு எண்கள் மாறிவிட்டன. நான்கு வருடம் கழித்து அந்தப் பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தப் பையன் அரசு வேலைத் தேர்வில் தேறிய பிறகு சரிபார்ப்பு வரும்போது, அந்த மண்டபம் எழுந்து வரும். ‘உங்க மேல கேஸ் இருக்கே.’ குடும்பத்துக்கு அப்போதுதான் தெரியும். அடுத்த தடவை அந்த வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். லத்தியைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம். லத்தியடி பட்டவன் திரும்ப வந்து நான் பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பில் மாட்டியவன் வந்து பார்த்ததில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். 188இன்கீழ்க் காவல் நிலையமே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரிதான் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும், அமைதியாகக் கூடுவதெல்லாம் சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது என்று 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். நூற்றுக்கணக்கான வழக்குகளை நாங்கள் அதை வைத்து ரத்து செய்தோம். ரத்து செய்ய ஒவ்வொருவரும் உயர் நீதிமன்றம் வரை வர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி கடற்கரைக்கு வருவோம். உங்களில் பலர் மெரினாவில் காற்று வாங்கப் போவீர்கள். 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே நாளைக் கொண்டாடியது சென்னையில். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். வெள்ளைக்காரன் அனுமதி தந்தானா என்று கேட்காதீர்கள், கூட்டம் நடந்தது. 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையை மெரினாவில் வைத்தோம். நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். சீரணி அரங்கம் என்று ஒரு மேடையும் அங்கே இருந்தது. தமிழ்நாட்டு அரசியலில் பேசிய குரலெல்லாம் அதில் பேசியது. 2003இல் அதை இடித்தார்கள்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் அங்கே கூடினார்கள். யாரும் மனு எழுதவில்லை. ஆறு நாள் அரசு பார்த்துக்கொண்டிருந்தது, காவலர்கள் செல்பி எடுத்துக்கொண்டார்கள், உலகமே மெச்சியது. 23ஆம் தேதி காலை அடித்து விரட்டினார்கள். மாணவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்த கரையோரக் குப்பங்கள் அன்று பட்ட பாட்டைப் பற்றி விழா மேடைகளில் யாரும் பேசுவதில்லை. அதன் பிறகு மெரினாவில் எந்தப் போராட்டத்துக்கும் இடமில்லை. 2018இல் விவசாயிகள் தலைவர் அய்யாக்கண்ணு காவிரிக்காக அங்கே உண்ணாவிரதம் இருக்க விரும்பினார். தனி நீதிபதி ஒரே ஒரு நாள் அனுமதித்தார். இரு நீதிபதி அமர்வு அதற்கும் தடை போட்டது. நடைபயிற்சிக்கு வருவோருக்கு இடையூறு, போக்குவரத்து, ஆமைகள்கூட வாதத்தில் வந்துபோகும். ஆமைமேல் எனக்கு விரோதம் இல்லை. நினைவிடங்களுக்கு மாலை போட ஆயிரக்கணக்கில் வரும்போது அந்த ஆமைகள் எங்கே போகின்றன என்பது மட்டும் புரியவில்லை. இன்று உழைப்பாளர் சிலையின் கீழ் பத்துத் தொழிலாளர்கள் பதாகை பிடித்து நின்றால் கால் மணி நேரத்தில் வேன் வந்துவிடும். நெம்புகோலோடு நிற்கும் நால்வருக்கு மட்டும் அனுமதி உண்டு.

தூத்துக்குடியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1908 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில்தான் பேசிவந்தார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் கேட்டார்கள். வ.உ.சி.மேல் முதலில் வந்தது ராஜதுரோக வழக்கு அல்ல. நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் நடவடிக்கை. மார்ச் 12 கைது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். நன்னடத்தைப் பிணை இன்றும் இருக்கிறது. போராட்டக்காரர்களை வட்டாட்சியர் முன்பு நிறுத்தி, ஓராண்டுக்கு ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவது நான் வாரந்தோறும் பார்க்கும் வேலை.

நூற்றுப் பத்து ஆண்டு கழித்து, 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் முற்றுகையிடுவோம் என்று வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒளித்து வைத்த திட்டம் இல்லை. மே 20ஆம் தேதி சமாதானக் கூட்டம் நடந்தது. எஸ்.ஏ.வி. பள்ளி மைதானத்தில் நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். சிலர் ஒப்புக்கொண்டார்கள், பலர் ஒப்பவில்லை. 21ஆம் தேதி இரவு 144 பிறப்பிக்கப்பட்டது. அதுவும் ஊர் முழுக்க இல்லை, குறிப்பிட்ட காவல் நிலைய எல்லைகளுக்கு மட்டும். விடிந்தால் ஊர்வலம். பனிமய மாதா கோவிலிலிருந்தும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிய பெண்களுக்கு அந்த உத்தரவு எப்போது, எந்த வழியில் தெரிந்திருக்கும்? எந்தத் தெருவரை செல்லும், எந்தத் தெருவில் செல்லாது என்று எந்த வரைபடத்தைப் பார்த்திருப்பார்கள்? நடந்து போகும்போது ஒரு தெருமுனையில் உரிமை முடிந்து குற்றம் தொடங்குகிறது. அந்த முனையில் கோடு போட்டிருக்கவில்லை.

கல்வீச்சு நடந்தது, வாகனங்கள் எரிந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக வந்தது துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தார்கள். மறுநாளிலிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று வெளியூரிலிருந்த பிள்ளைகள் தவித்த நாட்கள் அவை. துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவு கொடுத்தவர்கள் துணை வட்டாட்சியர்கள் என்று காகிதம் சொன்னது. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள், முறையான எச்சரிக்கை இல்லை என்று எழுதியது. 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைத்தார்கள். அறிக்கை வந்த நாளில் எல்லாச் சேனல்களிலும் அதே பேச்சு. பிறகு என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

இடிந்தகரையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்தில் கடற்கரைக் கிராமங்களின் ஆயிரக்கணக்கான பேர்மேல் ராஜதுரோக வழக்கு. மீன்பிடிக்கப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். வழக்குகளைத் திரும்பப் பெற முயலுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும். 2025 செப்டம்பர் 27, கரூர். ஒரு கட்சிக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. கூடுவதை முறைப்படுத்தாமல் விட்டால் இதுதானே நடக்கும் என்று கேட்டால் என்னிடம் எளிதான பதில் இல்லை. எத்தனை பேர் வருவார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், தண்ணீர் உண்டா என்று அரசு கேட்கட்டும், கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்குத் தகவல் போதும். இங்கிலாந்தில்கூட ஊர்வலத்துக்கு ஆறு நாள் முன்பு அறிவிப்புக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது, அறிவிப்பு. இப்போது அங்கும் போராட்டங்களுக்கு எதிராகப் புதிய சட்டங்கள் வந்து நிலைமை மோசமாகிறது, அது வேறு கதை. கரூருக்குப் பிறகு இங்கே வழிகாட்டு நெறிமுறை எழுத உட்கார்ந்தவர்கள், கூட்டத்தின் அளவுக்கேற்ப வைப்புத்தொகை கட்டச் சொல்லும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். பெரிய கட்சிகளுக்கு அது ஒரு பேனர் செலவு. இறந்தவர்களின் பெயரால், பணமில்லாதவர்களின் கூட்டம் நிற்கும்.

இது ஒரு கட்சியின் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது அனுமதி மறுப்பை ஜனநாயகப் படுகொலை என்பார்கள். ஆளுங்கட்சியானதும் அதே கடிதத்தில் தேதியை நிரப்புவார்கள். 2025 ஆகஸ்டில் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை. நடைபாதையில் அனுமதியின்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உயர் நீதிமன்றம் அப்புறப்படுத்தச் சொன்னது. அன்று நள்ளிரவு பேருந்துகளில் ஏற்றினார்கள். அந்த நடைபாதையை ஒவ்வொரு நாளும் கூட்டிப் பெருக்கியவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான். உட்கார மட்டும் அனுமதி வேண்டும்.

நேரமாகிவிட்டது. கடைசியாக ஒன்று. இந்தச் சொற்பொழிவுக்கு ஒப்புக்கொண்ட பிறகு, எங்கள் பகுதியில் குடிநீருக்காக ஒரு ஆர்ப்பாட்டம் வந்தது. என் ஜூனியர் பெண் மனு எழுதிக்கொண்டு வந்தாள். பெரியவர் ஞாபகம் வந்து, சிவப்புப் பேனா தேடினேன். கிடைக்கவில்லை. நீல மையிலேயே அடித்து, ‘தகவல் தெரிவித்தல்’ என்று எழுதி, நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். ரைட்டர் படித்தார். எனக்குத் தெரிந்தவர்தான், மரியாதையான மனிதர். “சார், இப்படி இருந்தா தபால்ல ஏத்த முடியாது. அனுமதி வேண்டின்னு போட்டுக் கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆர்ப்பாட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஐந்து நாளுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். ஜூனியரிடம் இன்னொரு வெள்ளைத் தாள் வாங்கி, பொருள் என்ற வரியை நானே என் கையால் எழுதினேன்.